கடலோரத்தில் குடியேறிய ஓவியர்கள் ஏன் கடலை வரையவில்லை? சமூகக் காட்சிக்கூடத்தில் நிலக்காட்சியும் கைவினையும்

நீலாங்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச்சங்க நூலகத்தின் மாடியில் ஒரு கூடம் சும்மா கிடக்கிறது. அதைச் சிறிய சமூகக் காட்சிக்கூடமாக மாற்ற முடிவு செய்திருக்கிறோம். ஒரு காலத்தில் மணல்மேடும் சவுக்குத் தோப்பும் உப்பங்கழியுமாக இருந்த இந்தக் கிழக்குக் கடற்கரைப் பகுதியை வரைந்த ஓவியங்களும், தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வாங்கிச் சேர்த்த கைவினைப் பொருள்களும் முதல் காட்சியில் இடம்பெறும். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஓவியங்கள் சுவரில் இருக்க வேண்டும், கைவினைப் பொருள்கள் வாசலருகே ஒரு விற்பனை மேசையில் இருந்தால் போதும் என்று குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. உறுத்தலுக்குக் காரணம் சொல்ல வராமல், கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, பக்கத்திலேயே இருக்கும் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்தேன். ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டி, தாங்களே காட்சிக்கூடம் நடத்திய இடம் என்பதால், எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது என்று நினைத்தேன். 1966இல் தொடங்கிய குடியிருப்பு அது. 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகள் வரிசையாக இருக்கின்றன. வெளியே தோட்டத்தில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனால் நான் பார்த்த படங்களில் கடலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எழுத்துகள், சக்கரங்கள், தெய்வ உருவங்கள், கனவு மாளிகைகள் எல்லாம் இருந்தன. அலையும் படகும் மீனவரும் அரிதாகவே கண்ணில் பட்டன.

ஆகவே அறிந்தவர்களிடம் இரண்டு கேள்விகள். கடலோரத்தில் போய்க் குடியேறியவர்கள் ஏன் கடலை வரையவில்லை? அந்தக் கிராமமே கைவினைப் பொருள்களை விற்ற காசில் உருவானது என்கிறார்களே, அப்படியானால் அந்தக் கைவினைக்கும் சுவரிலிருக்கும் ஓவியத்துக்கும் என்ன உறவு?

---

கோட்டோவியன் எழுதியது:

நீலாங்கரையான் ஐயா, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து, பிறகு பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சோழமண்டலத்தில் குடியிருந்தவன் அல்லன். அங்கே இருந்தவர்கள் சிலரிடம் பாடம் கேட்டிருக்கிறேன்.

முதலில் பின்னணி. எங்கள் கல்லூரியைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர்; ஆண்டு 1850. ஓவியர்களை உருவாக்குவதைவிடத் தொழில் தெரிந்த கைவினைஞர்களைப் பயிற்றுவிப்பதே அன்றைய நோக்கம். உலோக வேலை, மண்பாண்டம், மரவேலை, நகைவேலை என்று பட்டறைகள்தாம் அதன் முதுகெலும்பு. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகே ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர், 1957இல் அவருக்குப் பின் பொறுப்பேற்றவரும், பின்னாளில் சோழமண்டலம் அமைய முன்னின்றவரும் அவரே.

இந்தப் பணிக்கர் யார் என்று பாருங்கள். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், இளமையிலேயே பெயர் வாங்கியது நிலக்காட்சிகளால்தான். மலபாரின் தென்னந்தோப்பு, கால்வாய், வயல், நிழல் விழுந்த நீர் ஆகியவற்றை நீர்வண்ணத்தில் அவர் கையாண்ட விதத்தை இன்று பார்த்தாலும் கை ஊறும். ஆகவே நிலக்காட்சி வரையத் தெரியாமல் அதை விட்ட கூட்டம் அல்ல இது. அதில் தேர்ந்தபின் விட்டவர்கள். 1954இல் ஐரோப்பா சென்று வந்த பிறகு அவரை ஒரு கேள்வி அரித்தது. வெள்ளைக்காரர் கற்றுத்தந்த நீர்வண்ண முறையில் நம் ஊரை வரைந்தால் அது நம் ஓவியமாகிவிடுமா என்பதே அது. 1963 வாக்கில் தொடங்கிய அவருடைய சொற்களும் குறியீடுகளும் வரிசையில் அடிவானமே கிடையாது. ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, மலையாள எழுத்தைப் போலத் தோன்றும் கிறுக்கல், இடையிடையே சிறு உருவங்கள். பரப்பு முழுவதும் ஓலைச்சுவடி போல எழுத்தால் நிரம்பியிருக்கும்.

இதே ஆண்டுகளில்தான் கைவினையும் உள்ளே வருகிறது. ஓவியம் விற்காத காலம் அது. படித்து முடித்த மாணவன் விளம்பரப் பலகை எழுதப் போவான், இல்லையென்றால் ஜவுளி ஆலைக்கு வடிவம் போடப் போவான். அதன் பிறகு தூரிகை எடுக்க மாட்டான். பணிக்கர் அவர்களைக் கைவினைப் பக்கம் திருப்பினார். மாலை நேரங்களில் பாத்திக் துணி (மெழுகால் கோடிட்டுச் சாயம் ஏற்றுவது), தோல் வேலை, உலோகத் தகடு, சுடுமண் என்று செய்து விற்றார்கள். ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்து, வந்த பணத்தில் சேமித்தார்கள். அந்தச் சேமிப்பே ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் பத்து ஏக்கர் மணல் காடாக மாறியது. ஓலைக் குடிசை, மின்சாரம் கிடையாது, பேருந்து எப்போதாவது வரும் என்ற நிலையில் குடியேறினார்கள்.

நீங்கள் கேட்ட உறவு இங்கே இருக்கிறது. பகலில் சில மணி நேரம் துணியில் மெழுகால் கோடு இழுக்கிறவனின் கை, இரவில் திரைச்சீலைக்கு முன் நிற்கும்போது வேறு கையாக மாறிவிடாது. சென்னை ஓவியர்களின் அடையாளமே கோடு என்று விமரிசகர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கோடு கோயில் சுவரிலிருந்தும் சுவடியிலிருந்தும் வந்தது என்பார்கள். நான் அதோடு பாத்திக் பட்டறையையும் சேர்ப்பேன்.

---

கும்பகோணத்தான் எழுதியது:

கோட்டோவியன் ஐயா சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு தரவரிசையை மறுக்கிறேன். அடிவானத்தை விட்டவர் முன்னேறியவர், அடிவானத்தை இன்னும் வரைந்துகொண்டிருப்பவர் பின்தங்கியவர் என்ற எண்ணம் சென்னை ஓவிய உலகில் ஐம்பது ஆண்டுகளாக ஊறியிருக்கிறது.

நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். எங்களுக்கு ஸ்பாட் பெயின்டிங் என்பது உயிர். விடியற்காலையில் பலகையும் தண்ணீர் டப்பாவுமாகக் காவிரிப் படித்துறையில் போய் உட்காருவோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், நிழல் நகர்ந்துவிடும். எதிரில் துணி துவைப்பவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களையும் படத்தில் சேர்க்க வேண்டும். ஈரத்தாளில் ஒரு கழுவல் விட்டு, அது காய்வதற்குள் மறுகரை மரங்களை அடித்து, வெள்ளைக்கு வெள்ளை வண்ணம் தொடாமல் தாளையே விட்டுவைத்துத் தண்ணீரின் மினுக்கத்தைக் கொண்டுவரும் வேலை, குறியீடு வரைவதைவிட எந்த வகையில் குறைந்தது? நீர்வண்ணம் வெள்ளைக்காரன் கொடுத்தது என்றால், கான்வாசும் அக்ரிலிக்கும் யார் கொடுத்தது?

இன்னொன்று. இன்று ஈஞ்சம்பாக்கத்தில் மணல்மேடு எங்கே இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, சவுக்குத் தோப்புகள் மதில்சுவர்களாகிவிட்டன. அறுபதுகளில் யாராவது உட்கார்ந்து அந்த இடத்தை உள்ளது உள்ளபடி வரைந்திருந்தால், உங்கள் காட்சிக்கூடத்துக்கு இன்று அதைவிடப் பெரிய சொத்து இருக்காது. ஆகவே நீலாங்கரையான் அவர்களே, உங்கள் முதல் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குச் சமாதானம் தேடாதீர்கள்.

---

மெழுகுத்துணி எழுதியது:

ஐயாமார் இருவரும் தூரிகையிலிருந்து பேசுகிறீர்கள். நான் பாத்திக் செய்கிறவள், சட்டியிலிருந்து பேசுகிறேன்.

பாத்திக் நம் ஊர்த் தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். ரவீந்திரநாத் தாகூர் 1927இல் ஜாவா சென்று வந்த பிறகு சாந்திநிகேதனில் வேரூன்றி, அங்கிருந்து பரவியது அது. சோழமண்டலத்தார் எடுத்துக்கொண்டபோது அதற்கு இங்கே பரம்பரை கிடையாது, குலம் கிடையாது, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லப் பெரியவர்களும் கிடையாது. ஓவியர்களுக்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும்.

வேலையைச் சொல்கிறேன். பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து உருக்குவோம். பாரஃபின் கூடினால் மெழுகு நொறுங்கும். தேன்மெழுகு கூடினால் வளைந்து கொடுக்கும். எவ்வளவு விரிசல் வேண்டும் என்பதைச் சட்டியிலேயே தீர்மானித்துவிட வேண்டும். சூடு குறைந்தால் மெழுகு துணியின் மேலேயே தங்கிவிடும், அடிப்பக்கம் சாயம் புகுந்துவிடும். சூடு மிகுந்தால் கோடு பரந்து கசியும். சரியான சூட்டில் தூரிகையைத் தோய்த்தால், துணியில் வைத்த கணமே நூலுக்குள் இறங்கிக் கண்ணாடி போல் தெரியும். அந்தச் சூடு ஒரு தோய்ப்புக்குச் சில விநாடிகள்தாம் நிற்கும். அதற்குள் கோட்டை இழுத்து முடிக்க வேண்டும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது. வெள்ளையில் தொடங்கி மஞ்சள், சிவப்பு, கருநீலம் என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவோம். ஒவ்வொரு நிறத்துக்கும் முன்னால், அதுவரை வந்த நிறத்தில் எது நிற்க வேண்டுமோ அதை மெழுகால் மூடுவோம். நாப்தால் என்ற இரசாயனச் சாயம் குளிர்ந்த நீரில் ஏறும் என்பதால் மெழுகு கரையாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கும் வரை முழுப்படத்தையும் நாம் பார்ப்பதே இல்லை.

இப்படி வேலை செய்கிறவருக்கு அடிவானம், தூரம், வெளிச்சம் படிப்படியாக மங்குதல் ஆகியவை சுலபத்தில் கைக்கு வராது. மெழுகு அதற்கு இடம் கொடுக்காது. தட்டையான நிறப்பரப்பு, அதைச் சுற்றி வெட்டென்று நிற்கும் கோடு, எல்லா இடத்திலும் ஓடும் விரிசல் வலை ஆகியவைதாம் வரும். கடலை நானும் செய்து பார்த்திருக்கிறேன். அலை கோலமாகத்தான் வருகிறது, காட்சியாக வருவதில்லை. கும்பகோணத்தான் தம்பி கேட்ட ஈரத்தாள் மினுக்கத்தைத் துணியில் கேட்டால் அது கிடைக்காது. கோட்டோவியன் ஐயா சொன்ன பட்டறை உறவு இருக்கிறது என்பதற்கு இதுவே எனக்குத் தெரிந்த சான்று. பணிக்கரின் கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் கையில் இருந்த பொருளே கடலின் ஆழத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கலாம்.

எஸ்.ஜி. வாசுதேவ் சோழமண்டலத்தில் இருந்தபோது பாத்திக்கும் செப்புத் தகடும் செய்தவர். அவருடைய மர வரிசை ஓவியங்களைப் பாருங்கள். மரம் எங்கோ தூரத்தில் நிற்காது. கிளையும் இலையும் பறவையும் பரப்பு முழுவதும் பின்னிக்கிடக்கும். பெங்களூருக்குப் போன பிறகு, தேர்ந்த நெசவாளர் ஒருவரோடு சேர்ந்து சுவரில் தொங்கவிடும் ஓவியச் சீலைகளையே பட்டில் நெய்யவைத்தார். அவர் ஓவியத்தைத் துணிக்கு மாற்றவில்லை. துணிக்கு ஏற்ற ஓவியத்தைத்தான் முதலிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

---

நீலாங்கரையான் எழுதியது:

மெழுகுத்துணி அம்மா, நான் கூட்டத்தில் சொல்லத் தெரியாமல் விழித்ததை நீங்கள் சட்டியை வைத்தே சொல்லிவிட்டீர்கள். இதை அப்படியே அச்செடுத்து அடுத்த கூட்டத்தில் படிக்க அனுமதி வேண்டும். அதோடு ஒரு துணைக் கேள்வி: விற்பனை மேசை ஆதரவாளர்கள், சோழமண்டலத்திலேயே கைவினை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்ததுதானே, அவர்களே அதைக் கலை என்று சொல்லவில்லையே என்று வாதிடுவார்கள். அதற்கு என்ன பதில்?

---

சுவாமிமலை வாசி எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். எல்லோரும் மரியாதையாகப் பேசுவதால் நானும் மரியாதையோடு கொஞ்சம் கசப்பைச் சொல்கிறேன்.

நான் சிலை வார்க்கும் குடும்பத்தில் பிறந்தவன். ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவர் கைவினை செய்தால், அது அவருடைய கலை வாழ்வின் ஒரு கட்டம். அவர் பெயரோடு வரலாற்றில் ஏறும். என் தாத்தா வார்த்த அம்மன் சிலை எந்தக் கோயிலில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அதில் அவர் பெயர் இல்லை. சோழமண்டலத்தின் பத்து ஏக்கரில் பரம்பரைக் கைவினைஞர் எத்தனை பேருக்கு வீடு இருந்தது? ஓவியர்கள் கைவினையைக் கையில் எடுத்தார்கள். கைவினைஞரைத் தங்களோடு குடியமர்த்தவில்லை. சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து உருக்கொடுத்ததைப் புதுமை என்று எழுதுகிறார்கள். அவர் கலைஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் செய்தவை எனக்குப் பிடித்தமானவையும் கூட. ஆனால் சுவாமிக்குக் கவசம் அடிக்கிற தெருவுக்கு அவர் பட்ட கடனை யாரும் விரிவாக எழுதுவதில்லை.

நிலக்காட்சி பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வேலையில் நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து மெழுகில் முதலில் உருவத்தைச் செய்வோம். அளவு எடுக்க இரும்புக் கோல் கிடையாது. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதைத் தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்தால் முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று மடிப்பே சொல்லிவிடும். மெழுகு உருவத்தின் மேல் பூசும் முதல் மண் காவிரி வண்டல். பால் போல அரைபடும் மண் அது. விரல் நகத்தின் கோடு, கழுத்து ஆரத்தின் மணி, இடுப்புத் துணியின் மடிப்பு எல்லாவற்றையும் அந்த மண்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. மெழுகை உருக்கி வடித்த பிறகு உலோகம் ஓடுவது அந்த மண் பிடித்துவைத்திருக்கும் நினைவுக்குள்தான். எங்கள் முன்னோர் இந்த ஊரில் நிலைத்ததற்கு ஆற்று மண்ணைத்தான் காரணமாகச் சொல்வார்கள். வேறு மண்ணில் முதல் பூச்சு இவ்வளவு நுணுக்கமாக நிற்காது.

காவிரியை எதிரே வைத்து வரைகிற படம் ஒன்று. காவிரியை உள்ளே வைத்து வார்க்கிற சிலை ஒன்று. இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துவிட்டு, முதலாவதற்கு மட்டும் நிலக்காட்சி என்று பெயர்ப்பலகை மாட்டினால் நான் கேள்வி கேட்பேன்.

---

கோட்டோவியன் எழுதியது:

சுவாமிமலை வாசி அவர்களின் குற்றச்சாட்டில் பாதியை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. மறு பாதிக்கு மட்டும் ஒரு குறிப்பு. சோழமண்டலத்துக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம், நீங்கள் சொல்லும் குறையை வேறு முனையிலிருந்து அணுகியது. அங்கே வீடுகளும் கைவினைஞர்களும் முதன்மை, ஓவியக்கூடம் அதற்குத் துணை. ஒரே சாலையில் சில மைல் இடைவெளியில், ஓவியன் கைவினை செய்த இடமும் கைவினைஞன் செய்துகாட்டுகிற இடமும் இருக்கின்றன. இரண்டு தரப்பும் சம உரிமையோடு ஒரே கூரையில் குடியிருந்த இடம் என்று எதைச் சொல்வது? எனக்கு உடனே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கும்பகோணத்தான் தம்பிக்கு: அடிவானத்தை விட்டவர் உயர்ந்தவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலத்தைக் காட்சியாக வைக்காமல் நிலத்தோடு பேச வழியில்லை என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். சோழமண்டலத் தலைமுறையைச் சேர்ந்த விஸ்வநாதன் பாரிசுக்குக் குடிபெயர்ந்த பின், இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து மணலைச் சேகரித்தார். மணலைப் பற்றிப் படமும் எடுத்தார். கடலைப் பார்த்து வரையாத கூட்டத்தில் ஒருவர், கரையையே அள்ளிக்கொண்டு போனார். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணைப் பற்றி எழுதியவற்றுக்கு அவர் போட்ட கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர் அத்தனை பேரும் வார இதழில் பார்த்திருக்கிறார்கள். அதே ஆதிமூலத்தின் பிற்கால எண்ணெய் வண்ண ஓவியங்களில் மரமும் இல்லை, வீடும் இல்லை, நிறம் மட்டும் அடுக்கடுக்காகக் கிடக்கும். இரண்டிலும் நிலம் இருக்கிறது என்பேன்.

நம் பழைய செய்யுளில் நெய்தல் என்றால் புன்னையும் தாழையும் உப்பங்கழியும் வரும். ஆனால் எந்தப் புலவனும் கடற்கரையை வருணிப்பதற்காக மட்டும் அவற்றைக் கொண்டுவரவில்லை. இரங்கல் என்ற உரிப்பொருளுக்காகக் கொண்டுவந்தான். இது மரபு. ஆயினும், இதைச் சோழமண்டலத்தாருக்கு அப்படியே பொருத்தித் திணை ஓவியர்கள் என்று பட்டம் கட்டும் கட்டுரைகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பணிக்கரும் ஹரிதாசனும் கோபிநாத்தும் மலையாள நாட்டுப் பின்னணியிலிருந்து வந்தவர்கள். ஹரிதாசனின் வழி தாந்திரீக வடிவங்களின் வழி. சுல்தான் அலியின் காளைகளும் தெய்வங்களும் பழங்குடிக் கலையிலிருந்து வந்தவை. எல்லோரையும் ஐந்திணைக்குள் தள்ளக்கூடாது.

---

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மெழுகுத்துணி அக்கா நாப்தால் சாயம் என்று எழுதியதைப் படித்தபோது ஒரு விடயத்தைச் சேர்க்கலாம் என்று பட்டது. உங்கள் கிழக்குக் கரையிலும் எங்கள் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் மணற்பாங்கான நிலத்தில் சாயவேர் என்று ஒரு சிறு செடி வளரும். அதன் வேரிலிருந்து எடுத்த சிவப்புத்தான் சோழமண்டலக் கரைத் துணிகளை உலகச் சந்தையில் நிறுத்தியது. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் பகுதியில் அந்த வேரைத் தோண்டுவதையே அரசாங்கம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது, அவ்வளவு வருமானம்.

ஆக, அந்த ஓவியர்கள் வாங்கிய மணலே ஒரு காலத்தில் சாயம் தந்த வகை மணல். கரையின் பழைய பெயரைத் தங்கள் கிராமத்துக்கு வைத்தார்கள். துணிக்குச் சாயம் மட்டும் இரசாயனக் கடையில் வாங்கினார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அறுபதுகளில் யாருக்கும் கையில் காசு வேண்டும், சாயவேரைத் தோண்டி, காயவைத்து, இடித்து, பலமுறை துணியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்க நேரம் இருந்திராது. ஆனால் நீலாங்கரையான் அண்ணை நிலமும் கைவினையும் என்று காட்சி வைப்பதென்றால், சாயவேர் ஏற்றிய ஒரு கலம்காரித் துணியையும் அந்தச் செடியின் படத்தையும் அருகருகே வைத்தால் மேசையா சுவரா என்ற சண்டையே வராது என்று நினைக்கிறேன்.

---

மெழுகுத்துணி எழுதியது:

வடமராட்சியான் தம்பிக்கு நன்றி. சாயவேர்ச் சிவப்பு அருகில் வந்தால் நாப்தால் சிவப்பு கத்துகிற மாதிரித் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நீலாங்கரையான் ஐயா, சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், கூடத்தின் நிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் இடம் கடலுக்கு அருகில். மாடியில் சன்னல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் ஒரே எதிரி வெளிச்சம். அருங்காட்சியகங்களில் இந்த இரண்டுக்கும் ஐம்பது லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் கொடுப்பதில்லை. நம் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், சற்று நேரத்தில் பழகிவிடும். ஆகவே பொருளின் பக்கமிருந்து பார்த்தால் ஓவியமும் பாத்திக்கும்தான் ஒரே சுவருக்கு உரியவை. எண்ணெய் வண்ணத்தை வெளிச்சமான பக்கம் மாற்றலாம்.

செம்பு, பித்தளை, ஐம்பொன் எதுவாக இருந்தாலும் உப்புக்காற்றில் களிம்பு ஏறும். வெறும் கையால் தொட்ட இடத்தில் விரல் தடமே பச்சையாகத் தெரியும், கையுறை வாங்கிவிடுங்கள். நீர்வண்ணப் படங்களுக்குக் கண்ணாடி தாளை ஒட்டாதபடி மவுன்ட் அட்டை போட்டுச் சட்டமிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐப்பசி மழையில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பத்தமடைப் பாயை ஆணி அடித்துத் தொங்கவிட வேண்டாம். ஓரத்துப் பாவு நூல் தன் எடையிலேயே இழுபட்டுவிடும். சாய்வான பலகையில் விரித்து வையுங்கள். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரையை மயிரிழையாகக் கிழித்து நெய்த பாய் அது. பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் அதன் வேலை தெரியும். சுவரில் உயரத்தில் மாட்டினால் பாய் என்பது மட்டும்தான் தெரியும்.

விற்பனை மேசை ஆதரவாளர்களுக்கு நான் பதில் சொல்வதென்றால், மேசை இருக்கட்டும், ஆனால் அதில் ஓவியங்களும் இருக்கட்டும். ஓவியம் மட்டும் விலைக்கு அப்பாற்பட்டது என்று பாவனை செய்ய வேண்டியதில்லை. சோழமண்டலத்தார் அந்தப் பாவனை செய்யவில்லை, எல்லாவற்றையும் விற்றார்கள்.

---

கும்பகோணத்தான் எழுதியது:

அக்கா சொன்ன கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். ஆனால் விலைச்சீட்டு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் பங்கேற்ற ஒரு கூட்டுக் காட்சியில், பாதி நாளில் முடிகிற என் நீர்வண்ணத்துக்கு வைத்த விலையில் கால்வாசிகூட, மாதக்கணக்கில் செய்த ஓர் ஊசிவேலைச் சால்வைக்கு வைக்கவில்லை. நீலகிரித் தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாக, நூலிழைகளை எண்ணி எண்ணிப் போட்ட வேலை அது. இரண்டு பக்கமும் அணியலாம் என்று சொல்லுமளவுக்கு முதுகுப்புறமும் சுத்தமாக இருக்கும். அமைப்பாளர்களிடம் கேட்டதற்கு, கைவினைக்குச் சந்தை விலை அவ்வளவுதான் என்றார்கள். சந்தை என்று எங்கோ ஒருவர் இருப்பது போலப் பேசினார்கள். சீட்டை எழுதியது அவர்கள் கைதான்.

சுவாமிமலை வாசி அவர்கள் சொன்ன வண்டல் விஷயம் எனக்குப் புதிது. படித்துறையில் உட்கார்ந்து வரைந்த காலத்தில் என் தண்ணீர் டப்பாவின் அடியில் படிந்ததும் அதே மண்தான். அதை நாங்கள் கழுவிக் கொட்டிவிடுவோம்.

---

நீலாங்கரையான் எழுதியது:

நேற்றுக் கூட்டம் முடிந்தது. மெழுகுத்துணி அம்மாவின் பதிவையும் சுவாமிமலை வாசியின் பதிவையும் படித்துக்காட்டினேன். முடிவானவற்றைச் சொல்கிறேன்.

கூடத்தைப் பொருளின் வகைப்படி பிரிக்கப்போவதில்லை, நிலத்தின்படி பிரிக்கப்போகிறோம். காவிரிச் சுவரில் படித்துறை நீர்வண்ணங்களும் சுவாமிமலைச் சிலையும், அதோடு மெழுகு, மண் பூச்சு, வார்ப்பு ஆகிய மூன்று நிலைகளைக் காட்டும் மாதிரிகளும் இருக்கும். கடற்கரைச் சுவரில் உள்ளூர் நிலக்காட்சிகள், பாத்திக், சாயவேர்த் துணி. பொருநை என்ற தாமிரபரணிக்குச் சாய்பலகையில் பாய். மலைக்குத் தோடர் சால்வை. அதன் முதுகுப்புறம் தெரியும்படி ஒரு மூலையை மடித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மேற்குச் சன்னலுக்குத் தடித்த திரை போட ஒரு உறுப்பினர் செலவை ஏற்றுக்கொண்டார்.

விளக்கச் சீட்டில் எல்லாப் பொருளுக்கும் செய்தவர் பெயர், ஊர், பொருள், முறை, விலை என்று ஒரே வரிசை. இதில்தான் நேற்று ஒன்றரை மணி நேரம் போனது. பாய் நெய்தவர் பெயர் விற்பனையாளருக்கே தெரியாது என்றார்கள். தெரிந்துகொண்டு வாங்குவோம், தெரியாதவரை அந்தப் பாயைக் காட்சிக்கு வைக்க மாட்டோம் என்று நானும் இன்னும் இருவரும் நின்றோம். இறுதியில் ஒப்புக்கொண்டார்கள். விலை பற்றி மட்டும் உடன்பாடு இல்லை. செய்தவர் சொல்லும் விலையை அப்படியே எழுதுவது என்பது என் தரப்பு. அப்படி எழுதினால் ஒன்றும் விற்காது, செய்தவருக்கே நட்டம் என்று பொருளாளர் சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு அனுபவம் உள்ளவர்கள் யோசனை சொன்னால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றுதான் சீட்டுகள் அச்சுக்குப் போகின்றன.

---

சுவாமிமலை வாசி எழுதியது:

எங்கள் பட்டறையில் செய்கிற முறையைச் சொல்கிறேன். உலோகத்தின் எடைக்கு ஒரு விலை, வேலைக்கூலிக்கு ஒரு விலை என்று பிரித்து எழுதித்தான் வாங்குபவரிடம் கொடுப்போம். மொத்தத் தொகையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கூட, மெழுகு வேலைக்கு இத்தனை நாள், செதுக்கி முடிக்க இத்தனை நாள் என்று கண்ட பிறகு பேரம் பேசக் கூசுவார். ஓவியங்களுக்கும் அப்படியே பிரித்து எழுதச் சொல்லுங்கள்: தாள், வண்ணம், சட்டம், நேரம். கும்பகோணத்தான் ஒப்புக்கொள்வாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

---

கும்பகோணத்தான் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் என்ற கட்டத்தில் பாதி நாள் என்று எழுத மாட்டேன். அந்தப் பாதி நாளுக்குப் பின்னால் படித்துறையில் கிழித்துப்போட்ட தாள்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும். உங்கள் பட்டறையில் வார்ப்பு தவறி உருக்கிய சிலைகளை எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் அதையே பின்பற்றுகிறேன்.